கித்தாரின் கழுத்தடியில் இருந்த ஆண்டு

குற்றமற்ற ஒரு மனிதரை நான் திருடனாக்கினேன்.

வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று என்னையே நம்ப வைக்கப் பல நாள் முயன்று பார்த்திருக்கிறேன். வாய் தவறியது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு என் கை செய்தது இருக்கிறதே... அது தவறிச் செய்ததன்று. அவர் திருடவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியத்தை நான் தெரிந்தே அழித்தேன்!

உங்களுக்கு என்னைத் தெரியாது. அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறேன். தெரிந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல இதுவரை எனக்கு வாய் வரவில்லை.

மலேசியாவில், சுவா என்ற சிற்றூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். ஆறாம் படிவம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழக இடத்துக்குக் காத்திருந்தேன். இடம் கிடைக்கவில்லை. சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் மின்பாகங்களைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவ்வளவு தூரம் படித்தவன் நான் ஒருவன்தான். அந்த நினைப்பு என் தலைக்குள் எந்த அளவுக்கு ஏறியிருந்தது என்று சொன்னால்தான் மற்றதெல்லாம் உங்களுக்கு விளங்கும்.

எனக்குக் கித்தார் பித்து. கையில் இருந்ததோ மலிவான ஒரு மரக்கித்தார். மின்கித்தாரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். ஒரு நாள் சிரம்பானில் பழைய புத்தகக் கடையொன்றில் ஓர் ஆங்கில இசை இதழ் அகப்பட்டது. அதில் ஓர் அட்டவணை! அமெரிக்க மின்கித்தார்களின் வரிசை எண்ணைக் கொண்டு, அவை செய்யப்பட்ட ஆண்டைக் கண்டுபிடிக்கும் முறை. அவ்வகைக் கித்தாரில் உடல் வேறு, கழுத்து வேறு. இரண்டையும் பின்பக்கம் ஓர் உலோகத் தகடு வைத்து நான்கு திருகாணிகளால் முடுக்கியிருப்பார்கள். எண் அந்தத் தகட்டில் இருக்கும். எண்ணைப் பார்த்து, அட்டவணையைப் பார்த்து, ஆண்டைச் சொல்லிவிடலாம்.

அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. தகட்டைக் கழற்றி வேறொரு கித்தாரில் மாட்டிவிட முடியும். ஆகவே எண்ணை மட்டும் நம்பக் கூடாது. கழுத்தைக் கழற்றி, அதன் அடியில் செய்தவர் எழுதி வைத்த தேதியைப் பார்க்க வேண்டும் என்று.

அதையும் நான் படித்திருந்தேன். இதை மறந்துவிடாதீர்கள். படித்திருந்தேன்!

அன்று முதல் எண் உள்ள பொருள் எதையும் நான் விட்டுவைக்கவில்லை. மோட்டார் சைக்கிள், வானொலி, தையல் இயந்திரம்... குனிந்து எண்ணைத் தேடி, ஏதோ ஒரு கணக்குப் போட்டு, வயதைச் சொல்லிவிடுவேன். எத்தனை சரி, எத்தனை தப்பு, யாருக்குத் தெரியும்? தோட்டமே என்னை ‘நம்பர் குணா’ என்று கூப்பிட ஆரம்பித்தது. "டேய் நம்பரு, எங்க மாமியாவுக்கு எங்கடா நம்பர் அடிச்சிருக்கு? வயசு கேட்டா சொல்ல மாட்டேங்குதுலா!" என்று லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் கேட்க, எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

எங்கள் தோட்டத்தில் மின்கித்தார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வீரய்யாவுடையது.

வீரய்யா தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தார். ரப்பர் பாலை அமிலம் ஊற்றி உறைய வைக்கும் இடம் அது. அந்த நெடியிலேயே நின்று நின்று அவர் சட்டைக்கும் அதே வாடை வந்துவிட்டிருந்தது. வீடும் ஸ்டோரை ஒட்டிய கடைசி வீடு. தோட்டத்து இசைக்குழுவில் அவர்தான் கித்தார். வெளிறிய சிவப்பு நிறம். கல்யாணம், திருவிழா என்று எங்கே வாசித்தாலும், முடிந்ததும் துண்டால் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். வேறு யாரும் தொடக் கூடாது.

அவர் எங்கள் தோட்டத்துக்குப் பிந்தி வந்தவர். முன்பு வேலை செய்த தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். அங்கிருந்த சனம் மூலைக்கொன்றாகச் சிதறிவிட்டது. அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை அறுபத்தெட்டில் ஊருக்குக் கப்பலேறியபோது, "நீ வாசி" என்று கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்தக் கித்தார் என்பார். அதைக் கண்ணால் கண்டவர் எங்கள் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. மனைவி செல்லம்மாவைக்கூட அவர் இங்கே வந்த பிறகுதான் கட்டினார்.

அந்தக் கித்தாரின் முதுகை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. ஒரு திருவிழா முடிவில் எல்லார் முன்னிலையிலும் கேட்டேன்.

"மாமா, பின்பக்கம் ஒரு நம்பர் இருக்கும். பாத்துட்டுக் குடுத்துடறேன்."

"இது ரேடியோ இல்ல தம்பி, குப்புறப் போட்டுக் கொடைய. வாசிக்கத் தெரிஞ்சா வா, வாசி. நம்பர் எண்றதுக்கு வேற எங்கயாச்சும் போ."

சிரித்தார்கள். எனக்கு அவர் அளவுக்கு வாசிக்க வராது என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்...

இந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது. சொல்லிவிட்டால் எனக்கும் கொஞ்சம் வசதி. ஆனால் அது முழு உண்மையா? எனக்கே தெரியவில்லை.

அம்பாங்கானில் நடந்த ஒரு கல்யாணத்தில் எங்கள் குழு வாசித்தது. அங்கே வந்திருந்தவர் ராஜேந்திரன். சிரம்பானில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். சொந்தமாக ஓர் இசைக்குழுவும் நடத்தினார். அவருடைய அண்ணன் எழுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் புதிதாக வாங்கிய சிவப்புக் கித்தார், ஒரு கச்சேரி முடிந்த இரவில் காணாமல் போயிருந்தது. அண்ணனும் பிறகு இறந்துவிட்டார். வீரய்யாவின் மடியில் கிடந்த கித்தாரைப் பார்த்ததும் ராஜேந்திரன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். இவரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். அது தன் அண்ணனுடையது என்று அவர் மனமார நம்பினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். பொலிசுக்குப் போவதற்கு முன் கோயில் தலைவரிடம் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அப்போது தோட்டத்துக் கங்காணி பெருமாள் மண்டோர்தான் தலைவர். பூசை முடிந்ததும் மாரியம்மன் கோயில் முன்னால் எல்லாரும் கூடினார்கள்.

"எங்கண்ணன் கித்தார் இதே கலருதான். வாங்கின ரசீது இப்ப இல்ல. ஆனா எனக்குத் தெரியும்லா, மண்டோர் ஐயா" என்றார் ராஜேந்திரன். குரல் உடைந்திருந்தது.

"செகப்பா இருக்கறதெல்லாம் உங்க வீட்டுச் சாமானா?" என்றார் வீரய்யா. "துரை குடுத்தாரு. என் கையில குடுத்தாரு!"

"அந்தத் துரைய இப்ப எங்கப்பா தேடிப் புடிக்கறது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"ஆத்தா இருக்கால்ல? கற்பூரத்தைக் கொளுத்துங்க. அணைச்சிச் சத்தியம் பண்றேன்."

கற்பூரத்தை அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்கிற துணிச்சல் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் கிடையாது. அவர் அணைத்திருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். ராஜேந்திரனும் தலையாட்டிவிட்டார். பூசாரி தட்டில் கற்பூரத்தை வைத்துத் தீக்குச்சியைக் கூடக் கிழித்துவிட்டார்...

"இருங்க! சத்தியம் எதுக்கு? நம்பர் இருக்கு!"

அது என் குரல்.

எப்படி எழுந்தேன், எப்படி முன்னால் போனேன், நினைவில்லை. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. துரை அறுபத்தெட்டில் போய்விட்டார் என்று இவரே சொல்கிறார். கித்தார் அதற்கு முன் செய்ததா, பின் செய்ததா என்பதை அதன் எண்ணே சொல்லிவிடும். முன் என்றால் இவருடையது, பின் என்றால் துரை கொடுத்திருக்க முடியாது... மளமளவென்று பேசினேன். எவ்வளவு தெளிவாக இருந்தது எனக்கு!

மண்டோர் வீரய்யாவைப் பார்த்தார்.

"பாக்கட்டும்யா" என்றார் வீரய்யா. "எனக்கென்ன பயம்?" தாமே பெட்டியைத் திறந்து, கித்தாரை எடுத்து, என் கையில் கொடுத்தார். முதல் தடவையாக.

திருப்பினேன். கம்பிகள் தாங்கும் பாலம், திருகுகள், குமிழ்கள் எல்லாம் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தன. ஸ்டோரின் அமிலக் காற்று அப்படித்தான் தின்னும். பின்பக்கத் தகடு மட்டும் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்தேன். எண் தெளிவாகத் தெரிகிறதே என்ற மகிழ்ச்சியில் பார்த்தேன்! அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. கழுத்தைக் கழற்றிப் பாருங்கள் என்ற பொடி எழுத்து மனத்தில் ஒரு கணம் வந்துதான் போனது. கழற்ற வேண்டுமானால் திருப்புளிக்கு ஆள் அனுப்ப வேண்டும், கம்பிகளைத் தளர்த்த வேண்டும், கூட்டம் காத்திருக்க வேண்டும். அந்தக் கணத்தின் சூடு ஆறிவிடும்...

எண் மூன்றில் தொடங்கியது. ஆறு இலக்கம். அட்டவணை எனக்கு மனப்பாடம்.

"எழுபத்தொண்ணு" என்றேன்.

பூசாரி கற்பூரத் தட்டை உள்ளே கொண்டுபோனார்.

"தப்பாப் பாத்திருப்ப தம்பி. நல்லாப் பாரு" என்றார் வீரய்யா. கோபம் இல்லாத குரல். கேட்டுக்கொள்ளும் குரல்.

"நம்பர் பொய் சொல்லாது மாமா."

இதைச் சொன்னபோது நான் சிரித்தேனா? சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். சிரித்திருக்கவும் கூடும்.

பொலிசுக்குப் போக வேண்டாம், பொருள் கிடைத்ததே போதும் என்று ராஜேந்திரன் பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார். அந்தப் பெருந்தன்மை வீரய்யாவை இன்னும் கீழே தள்ளியது. பெட்டி கைமாறியது. வீரய்யா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். புறப்படும்போது ராஜேந்திரன் என் தோளில் கை போட்டு, "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா தம்பி. ரொம்ப நாள் கவனிக்காமக் கெடக்கு, நீ கொஞ்சம் பாத்துக் குடு. அடுத்த சனிக்கெழம சிரம்பான்ல கச்சேரி, எங்க பேண்டுக்கும் ஒரு கித்தார் ஆளு வேணும்" என்றார்.

மறுநாள் மாலை செல்லம்மா அத்தை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"குணா, ஒண்ணு கேக்கணும்யா. அந்தக் கித்தாருக்குப் பின்னாடி ஒரு தகடு இருந்துச்சில்ல, அது துருப்புடிச்சு ஓட்டையே வுழுந்துருச்சு. போன தீவாளிக்கு முந்தி சிரம்பான்ல ஒரு கடையில பழைய தகடு ஒண்ணு வாங்கி மாட்டுனாரு. நேத்து அவருக்கு இருந்த படபடப்புல அது ஞாபகமே வரல. அதுல எதாச்சும் இருக்குமா? நீ படிச்ச புள்ள..."

அந்தப் பளபளப்பு!

"பாக்கறேன் அத்தை" என்றேன்.

"பாருய்யா. புள்ளைங்க வெளிய போக மாட்டேங்குதுங்க."

ஞாயிற்றுக்கிழமை அம்பாங்கானில் இருந்த ராஜேந்திரன் வீட்டுக்குப் போனேன். உண்மையைக் கண்டுபிடிக்கத்தான் போனேன். இதையாவது நம்புங்கள்.

பின்னறையில் மேசைமேல் துணி விரித்துக் கித்தாரைக் கவிழ்த்து வைத்தேன். ராஜேந்திரன் குடிக்கத் தே கலக்க அடுப்படிக்குப் போனார். கம்பிகளைத் தளர்த்தினேன். திருப்புளியால் நான்கு திருகாணிகளையும் எடுத்தேன். தகடு தனியாக வந்தது. அதன் அடியில், மரத்தின்மேல், அதைவிடச் சற்றுப் பெரிய இன்னொரு தகட்டின் துருத்தடம் பழுப்பாகப் படிந்திருந்தது. கழுத்தை மெல்ல அசைத்துப் பிரித்தேன். உள்ளே மரம் புதிதுபோல இருந்தது. கழுத்தின் அடியில், பென்சிலால், சற்றே சாய்ந்த கையெழுத்தில், மாதமும் ஆண்டும்.

அறுபத்தொன்று.

ராஜேந்திரனின் அண்ணன் வாங்கியது புதுக் கித்தார். இது அவர் வாங்குவதற்குப் பத்து ஆண்டுக்கு முன் செய்தது. துரை கப்பலேறுவதற்கு முன்பே அவர் வீட்டில் இருந்திருக்கக்கூடியது. வீரய்யா சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை!

கூப்பிட வேண்டியதுதானே? "அண்ணே, இங்க வாங்க, இதப் பாருங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் போதுமே! அவர் நல்லவர், பார்த்திருந்தால் வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்திருப்பார். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்...

திறந்த வாய்க்குள் என்னென்னவோ வந்தன. கோயில் முன்னால் மறுபடியும் கூட்டம் கூடும். மண்டோர் என்னைப் பார்ப்பார். ‘நம்பர் குணா’ என்று இனி வேறு மாதிரி கூப்பிடுவார்கள். ஆறாம் படிவம் படித்து என்ன கிழித்தான் என்பார்கள். பல்கலைக்கழகத்தில் ஏன் இடம் கிடைக்கவில்லை என்பதற்கும் அப்போது அவர்களிடம் ஒரு பதில் இருக்கும். அப்புறம், அடுத்த சனிக்கிழமை சிரம்பானில் மேடை... இந்தக் கித்தார் என் தோளில்...

குசினியில் கரண்டி கோப்பையில் சுற்றும் சத்தம் கேட்டது.

எண்ணைக் குறித்துக்கொள்ள எப்போதும் என் சட்டைப் பையில் ஒரு பென்சில் இருக்கும். அதன் முனையில் அழிரப்பர். எடுத்தேன். முதலில் ஆண்டு. அது சீக்கிரம் போய்விட்டது. மாதம் கொஞ்சம் அழுத்தி எழுதப்பட்டிருந்தது. தேய்க்கத் தேய்க்க மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தேன். உதிர்ந்த துகளை ஊதினேன்.

"கழட்டிட்டியா? அட! உள்ள எதாச்சும் இருக்கா தம்பி?" கோப்பையோடு வாசலில் நின்றார் ராஜேந்திரன்.

"ஒண்ணும் இல்லண்ணே. வெறும் மரந்தான்."

அந்தத் தேயை நான் குடித்து முடித்தேன். இனிப்பாக இருந்தது.

செல்லம்மா அத்தையிடம், "பாத்தேன் அத்தை, உள்ளயும் ஒண்ணும் இல்ல" என்று சொன்னேன். அவர் என்னை நம்பினார். "சரிய்யா, உனக்குத்தான் சிரமம்" என்றுகூடச் சொன்னார்!

வீரய்யாவைக் குழுவிலிருந்து யாரும் நீக்கவில்லை. கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஸ்டோரில் ஏதாவது சாமான் காணாமல் போனால் முதலில் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவருடைய சின்ன மகளைப் பிள்ளைகள் கித்தார் வாசிப்பதுபோல் கையை ஆட்டிக் கேலி செய்வதை ஒருநாள் நானே பார்த்தேன். விரட்டினேன், அந்தப் பிள்ளைகளை! விரட்ட எனக்கு என்ன தகுதி? சில மாதங்களில் அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டுப் போய்விட்டது.

நான் சனிக்கிழமை மேடை ஏறினேன். அதன் பிறகும் பல மேடைகள். நன்றாக வாசிக்கிறான் என்றார்கள். கழுத்தைப் பிடிக்கும்போதெல்லாம் கட்டைவிரல் வியர்த்து வழுக்கும். வேலை மாறினேன், கோலாலம்பூருக்கு வந்தேன், கித்தாரை விட்டேன். இப்போது பழைய கித்தார்களைப் பற்றி நிறையத் தெரியும். எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு விளக்கமாகச் சொல்கிறேன். எண்ணை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன்...

சென்ற ஆண்டு ஒரு வேலையாகச் சுங்கை காடுட்டுக்குப் போனேன். பேருந்து நிறுத்தத்தில் காவலாளிச் சீருடையில் ஒருவர் நின்றிருந்தார். நான் முகத்தைத் திருப்புவதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"குணாதானே? ஆளே மாறிட்டியேப்பா!"

வீரய்யா. முடி முழுக்க வெளுத்திருந்தது. என் வேலை, கல்யாணம், அம்மாவின் உடம்பு எல்லாம் விசாரித்தார். ஒரு துளிக் கசப்பு இல்லை. திட்டியிருக்கலாம். கை நீட்டி அடித்திருக்கலாம்! பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, அந்த விசயம்... எனக்குத்தான் ஞாபகம் எங்கயோ தப்பிருச்சு போலப்பா. துரை குடுத்தாரு, குடுத்தாருன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்பப் படுத்து யோசிச்சா துரை மொகமே வர மாட்டேங்குது. நீ படிச்ச புள்ள, பாத்துத்தானே சொன்ன? நம்பரு எப்படிப்பா பொய் சொல்லும்? அப்ப நல்லாத் தண்ணி போடுவேன் வேற. போதையில எங்கயாச்சும் எடுத்துட்டு வந்து, துரை குடுத்தாருன்னு நானே நெனச்சுக்கிட்டேனோ என்னவோ. சின்னவகிட்டகூடச் சொல்லிட்டேன், அப்பா செஞ்சிருப்பேன்மா, மன்னிச்சிக்கன்னு."

பேருந்து வருகிறதா என்று நான் சாலையை எட்டிப் பார்த்தேன்.

"நீ என்ன நெனைக்கிற தம்பி? நான் எடுத்திருப்பேனா?"

இதோ, கேட்டுவிட்டார்! என் முகத்துக்கு நேரே, வேறு யாரும் இல்லாத இடத்தில், பதில் என்னிடம் மட்டுமே இருக்கும் கேள்வியை! அறுபத்தொன்று மாமா... ஒரே ஒரு எண். சொல்லியிருந்தால் ஒரு மனிதருக்கு அவருடைய வாழ்க்கை திரும்பக் கிடைத்திருக்கும்.

"பழசெல்லாம் இப்ப எதுக்கு மாமா. விடுங்க" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையாட்டினார். அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டார்.

சிரம்பான் பேருந்து வந்தது. "நீ ஏறுப்பா, எனக்கு அடுத்தது" என்றார். ஏறினேன். சன்னலோரம் இடம் கிடைத்தது. கீழே அவர் தம் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அவை எப்போது எதை எடுத்தன என்று அவற்றிடமே கேட்பவர்போல.

பேருந்து புறப்படச் சற்று நேரமானது. கதவு திறந்தேதான் இருந்தது.

நான் இறங்கவில்லை.